ஆளுக்கொரு குழை

லண்டனில் ஒரு நாளும் வழி தவறாத தமிழர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ரேஞ்சர். நம்பாதவர்கள் ஃபாரஸ்ட் கேட் என்ற எங்கள் பகுதியில், தெரு முனையில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மாவின் செடி வேலியைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரேஞ்சர் ரயில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சின்னக் கொப்பை முறித்துப் போட்டுக்கொண்டு வருவார். காட்டில் அப்படித்தான் வழிக்கு அடையாளம் வைப்பார்களாம். ஒரு மாதத்தில் அந்த அம்மாவின் வேலி ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. அவர் ஏதோ பூச்சி என்று நினைத்து மருந்தடித்தார். பிறகு ஒரு நாள் பூச்சியைக் கையும் களவுமாகப் பிடித்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நான் அடையாளம்தான் வைச்சனான் எண்டு அந்த மனுசிக்குச் சொல்லு. களவில்லை."

நான், "இவர் எங்கள் நாட்டில் பெரிய தோட்டக்காரர். வேலி செழிக்க இப்படித்தான் கிள்ளிவிடுவார்" என்று ஆங்கிலத்தில் அளந்தேன். அந்த அம்மா உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை ரேஞ்சருக்கு வேலி வெட்டும் உத்தியோகம். அவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

ரேஞ்சர் என்பதும் நாங்கள் கொடுத்த பதவிதான். வன்னியில், காட்டிலாகாவில், அவர் வெறும் காவலாளி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், நாங்கள் ஏழு பேர் ஒரு வீட்டில் ஷிப்ட் மாறி மாறி நித்திரை கொண்ட காலத்தில், எட்டாவது ஆளாக வந்து சேர்ந்தார். பையைக் கீழே வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஃபாரஸ்ட் எந்தப் பக்கம்?"

"இஞ்ச ஃபாரஸ்ட் இல்லை அண்ணை."

"கேட்?"

"அதுவும் இல்லை."

அவர் தெருவை எட்டிப் பார்த்து, "வெட்டிப் போட்டாங்கள் போல" என்றார். வெட்டியவர்களை மன்னிக்கவும் இல்லை.

போன வழியாலேயே திரும்பி வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். லூயிஷாம் கோயிலுக்குப் போன நாளில், திரும்பும் ரயில் வேறு பாதையால் போகும் என்று அறிவித்தார்கள். ரேஞ்சர் மேடை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். வந்த பாதை சரியாகும்வரை நாங்களும் பசியோடு காவலிருந்தோம். இன்னொரு சட்டம், ஆட்களை எண்ணுவது. கூட வந்த தலைகளைப் பத்து நிமிடத்துக்கொரு தடவை எண்ணுவார். கடைக்குப் போனாலும் எண்ணுவார். இரண்டு பேர் போனாலும் எண்ணுவார்.

எங்களுக்கு இது பெரிய பகிடி. அவர் ஏன் எண்ணுகிறார் என்று தெரிந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

வன்னியில் இடம்பெயர்ந்து ஓடிய ஒரு நாளில், ரேஞ்சர் நோயாளியான மாமியாரைச் சைக்கிளில் இருத்திக் காட்டுப் பாதையால் முதலில் கொண்டுபோனார். மனைவி தவமணி பக்கத்து வீட்டாரோடு பின்னால் நடந்து வருவதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டார் வந்து சேர்ந்தார்கள். தவமணி வரவில்லை. நடுவழியில் ஷெல் விழுந்து ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடியதாகச் சொன்னார்கள். அவர் பதினொரு நாள் அந்தக் காட்டைத் தேடினார். ஒரு செருப்புக்கூட அகப்படவில்லை.

அவருடைய தகப்பனும் காட்டில் வேலை செய்தவர். அவர் பழக்கிவிட்ட முறை ஒன்று இருந்தது. காட்டுக்குள் கால் வைக்குமுன் ஐயனாரைக் கும்பிட்டு, ஆளுக்கொரு குழை, அதாவது இலையோடு முறித்த சின்னக் கொப்பு, காட்டு வாசலில் தொங்கவிட வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் குழையை அவரவரே எடுக்க வேண்டும். வாசலில் குழை மிஞ்சியிருந்தால் ஆள் இன்னும் உள்ளே. தேடப் போகிறவனும் ஒரு குழை கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"அண்டைக்கு அவசரத்தில நான் குழை கட்டேல்லைத் தம்பி" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டுப் பருப்புக்கு உப்புப் போட்டார். அன்று பருப்பில் உப்பு இரண்டு மடங்கு. நாங்கள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

போர் நிறுத்தத்தில் வன்னிக்குப் பாதை திறந்த வருடம் அவர் தவமணியின் படத்தோடு ஊருக்குப் போய், ஒரு மாதம் ஊர் ஊராகக் கேட்டுவிட்டு வந்தார். விமான நிலையத்தில் நான் பையை வாங்கினேன். அவராகவே சொன்னார்: "செத்ததைக் கண்டனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவரை லண்டனுக்குக் கூப்பிட்டவன் தவமணியின் தம்பி சிவா. ஹரோவில் வீடு, கம்பியூட்டர் வேலை, எனக்கு நல்ல சிநேகிதன். ஊரிலிருந்த தாய் சாகும்போது, "அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து விடுங்கோ" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் முடிந்து கிரியை செய்ய வழி உண்டு. ஆனால் செய்ய வேண்டியவர் கணவர். ரேஞ்சரோ அந்தப் பேச்செடுத்தால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வேலி வெட்டப் போய்விடுவார்.

அதனால் சிவா ஒரு திட்டம் போட்டான். வேல்ஸில் ஒரு காடு, காட்டுக்குள் ஒரு ஆறு. காட்டைக் கண்டால் அத்தான் இளகிவிடுவார்; அந்த நேரம் பார்த்து எள்ளும் தண்ணீரும் விடச் செய்யலாம். நானும் உடன்பட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மே மாதத்து பாங்க் ஹொலிடே, பொது விடுமுறை. சிவாவின் காரில் நாலு பேர். நாலாவது ஆள் சிவாவின் பக்கத்து வீட்டு மணியம், மலேசியாக்காரர், கணக்காளர். இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர். மலையேறும் சப்பாத்து, கழுத்தில் தொங்கும் மேப், விசில் என்று முழு அலங்காரத்தில் வந்திருந்தார். வேல்ஸுக்குள் நுழையும் பெரிய பாலத்தில் உள்ளே போகத்தான் கட்டணம், வெளியே வர இல்லை என்று அவர் விளக்கினார். ரேஞ்சருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"நல்ல காட்டு முறை. உள்ள போறவையைத்தான் கணக்கெடுக்க வேணும்."

வழியெல்லாம் கல் அடுக்கிய வரம்புகளும் செம்மறியாடுகளும். பெயர்ப்பலகைகளில் இரண்டு மொழி. "இஞ்ச சின்னச் சனத்தின்ர பாஷையை மேல எழுதியிருக்கிறாங்கள். எங்கட நாட்டில மாதிரி ஒருத்தரும் அதில தார் பூசேல்லை" என்று பலகைக்குப் பலகை வியந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்வரை.

"என்ன, பாங்க் ஹொலிடேக்கு மரக்கறியோ?"

சிவா என்னைப் பார்த்தான். நான் ஆடுகளைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் பிக்னிக்குக்கு ஆட்டிறைச்சி இல்லாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. கிரியைக்குச் சுத்தமாயிருக்க வேண்டும் என்று சிவா கத்தரிக்காயும் தயிரும் கொண்டுவந்திருந்தான். அந்த நிமிடமே ரேஞ்சருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஆனாலும் கத்தரிக்காயை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

காட்டு வாசலில் ஒரு மரக் கேட். ரேஞ்சர் சப்பாத்தைக் கழற்றி, கும்பிட்டு, பக்கத்தில் நின்ற மரத்தில் படபடவென்று கொப்பு முறித்தார். எங்கிருந்தோ ஒரு பெண் ஓடி வந்தார். பச்சைச் சட்டை, சட்டையில் சின்னம். இந்தக் காட்டின் காவலர். உயிர் மரத்தை முறிக்கக் கூடாது என்று பண்பாகத்தான் சொன்னார். ரேஞ்சர் விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"அவ சொல்றது முழுக்கச் சரி. என்ர காட்டில எண்டால் நான் கேஸ் எழுதியிருப்பன்."

ஆனால் குழை இல்லாமல் உள்ளே கால் வைக்க மாட்டார். கடைசியில் சிவாவின் சாப்பாட்டுப் பையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை கிடந்தது. ரேஞ்சர் ஈர்க்கு ஈர்க்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நூலால் கேட்டில் கட்டினார். ஐந்து கட்டினார்.

மணியம் எண்ணிப் பார்த்தார். "அண்ணே, நம்ம நாலு பேர்தானே லா?"

"ஓம். உள்ள போறது நாலு பேர். ஒராள் முதலே உள்ள நிக்கிறா."

சிவாவின் முகம் இறுகிவிட்டது.

அந்தக் காட்டை நான் எப்படிச் சொல்வது? முறுக்கிய ஓக் மரங்கள், அடி முதல் நுனி வரை பாசி. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் நீலப் பூக்கள். ரேஞ்சர் மண்ணை எடுத்து மணந்தார். மரத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "கரடியும் இல்லை, பாம்பும் இல்லை. இது காடில்லைத் தம்பி, பூந்தோட்டம்" என்று குறை சொன்னார். ஆனால் லண்டனில் ஒரு நாளும் நான் காணாத முகம் அது.

ஆற்றங்கரையில் சிவா ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தான். உள்ளே எள்ளு, தர்ப்பை.

"அத்தான், அம்மா கேட்டது. அக்காவுக்கு இண்டைக்காவது..."

ரேஞ்சர் டப்பாவைப் பார்த்தார். மூடியை எடுத்து மெதுவாக மூடினார். "காட்டுக்குள்ள போன ஆள் வெளியில வரேல்லை எண்டால், வரேல்லை எண்டு மட்டும்தான் அர்த்தம்."

"எத்தினை வருசம் அத்தான்? உங்களுக்கு மட்டுமோ அவ? எனக்கும் அழவேணும். அழ விடுங்கோ!" சிவா குரல் உடைந்து கத்திவிட்டு, டப்பாவையும் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டான்.

மழை பிடித்தது. மலையிலிருந்து பனிப்புகார் இறங்கியது. ஒரு மணித்தியாலமாகியும் சிவா வரவில்லை. போனுக்கு சிக்னல் இல்லை. மணியம் விசில் ஊதி ஊதி மயங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

"காரடிக்குப் போயிருப்பார் லா."

ரேஞ்சர் எங்களைக் கேட்டடிக்குக் கூட்டிப் போனார். நாங்கள் எங்கள் குழைகளை எடுத்தோம். இரண்டு மிச்சம். "உள்ளதான் நிக்கிறான்" என்றார். தன் குழையைத் திரும்பவும் கட்டிவிட்டு, மழைக்குள் இறங்கினார். அந்தக் காவலரும் எங்களோடு வந்து நின்றார். வானொலியில் உதவி கேட்டிருப்பதாகச் சொன்னார்.

மூன்று மணித்தியாலம். உதவி வந்து சேருமுன் ரேஞ்சர் வந்தார். சிவாவின் கையைச் சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். சிவாவுக்கு ஒரு காலில் சப்பாத்து இல்லை. ரேஞ்சர் தன் குழையை எடுத்துவிட்டு எங்களை எண்ணினார். சிவா தன் குழையை எடுத்தான். பிறகு மிஞ்சிக் கிடந்த ஒற்றைக் கறிவேப்பிலை ஈர்க்கின் நூல் தளர்ந்திருந்ததைக் கண்டு, அவிழ்த்து, இறுக்கிக் கட்டினான்.

காட்டுக்குள் என்ன நடந்தது என்று அவன் எனக்குச் சொன்னது நெடுநாள் கழித்து.

"வழி தெரியாமல் ஒரு மரத்துக்குக் கீழ இருந்திட்டன் மச்சான். தூரத்தில ஆரோ அக்காவின்ர பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுது. எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சன். பிறகு பார்த்தால் அத்தான். 'சிவா' எண்டு ஒருக்கா, 'தவமணி' எண்டு ஒருக்கா. ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தது அந்த மனுசன்."

எள்ளு டப்பா திறக்கப்படாமலே ஹரோவுக்குத் திரும்பியது. அதன்பிறகு ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் நாலு பேரும் அங்கே போனோம். ஆட்டிறைச்சியோடுதான். கறிவேப்பிலை சிவாவின் பொறுப்பு. கிரியைப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவே இல்லை. மணியமும் கேட்டில் கிடந்த குழைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

நாலு தடவை போயிருப்போம். ஐந்தாவது தடவைக்கு முன், ஒரு பனிக்காலத்தில், ரேஞ்சரின் இதயம் நின்றுவிட்டது. தெரு முனை அம்மா தன் வேலியிலிருந்து தானே ஒரு கொப்பை வெட்டிக்கொண்டு செத்த வீட்டுக்கு வந்தார். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கொள்ளி வைத்தவன் சிவா. மனைவி இருக்கிறாவோ என்று ஐயர் கேட்டார். "இருக்கிறா ஐயா. காட்டுக்குள்ள" என்றான். ஐயர் அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அந்த மே மாதம் நாங்கள் மூன்று பேர் போனோம். சிவா கறிவேப்பிலையைப் பிரித்துக் கேட்டில் கட்டினான். வழக்கம்போல ஐந்து. நடந்தோம், ஆற்றங்கரையில் சாப்பிட்டோம், வெளியே வந்து எங்கள் மூன்று குழைகளையும் எடுத்தோம். மிச்சம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"மழை வருது லா. கிளம்பலாமா?" என்று மணியம் மெல்லக் கேட்டார்.

சிவா கேட்டில் சாய்ந்து காட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அத்தான் தேடப் போனால் மூண்டு மணித்தியாலம் எடுக்கும்."

மழை பெய்தது. மணியம் குடையை விரித்தார். மூன்று மணித்தியாலமும் நாங்கள் அங்கேயே நின்றோம்.