நாற்பத்தெட்டு வயது குவைத்தக்கா

அருமனையிலிருந்து குவைத் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு கிழவரை அரபியில் திட்டிக் குளிப்பாட்டி, மலையாளத்தில் கொஞ்சிக் கஞ்சி குடிக்க வைத்து, தமிழில் அதட்டித் தூங்க வைக்கிற இன்னொரு ஆளை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. குவைத்தக்காவின் அசல் பெயர் அவர் வேலை பார்க்கும் அருமனை முதியோர் இல்லத்தில் ஒருவருக்கும் தெரியாது. குவைத்தில் ஒரு பணக்கார வீட்டுப் பாட்டியைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர், அந்தப் பாட்டி கண்மூடியதும் ஊருக்குத் திரும்பி இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பாட்டியிடமிருந்து அவர் கொண்டுவந்த சொத்து, ஒரு தோல் செருப்பும் வாய் நிறைய அரபியும்.

“வயசானவங்கள திட்டப்பிடாதுன்னு செயலாளர் ரூல் போட்டிருக்காரு சாரே. திட்டாம இங்க வேலை நடக்குமா? அதாக்கும் அரபியில திட்டுகேன். அவங்களுக்கும் மனசு நோவாது, எனக்கும் பாரம் எறங்கும்.”

இதனால் இல்லம் முழுக்க அரபி பரவிவிட்டது. கஞ்சி குடித்து முடித்தவர்கள் தட்டைத் தள்ளிவிட்டு “ஹலாஸ்” என்பார்கள். குளியலறை வாசலில் நிற்பவர்கள் உள்ளே இருப்பவரை “யல்லா, யல்லா” என்று விரட்டுவார்கள். என் சித்தப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பேருந்தை பஸ் என்று சொன்ன பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர். அவரே ஒருநாள் டாக்டரிடம் தன் மலச்சிக்கலை “மூன்று நாளாக மாஃபி” என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்.

நான் அந்த இல்லத்துக்குப் போனது சித்தப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து கொடுக்க. கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். சித்தப்பா ஒரு கதையை ஆரம்பித்தார். அவர் கதையை முடிப்பதற்குள் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. இல்லத்தின் செயலாளர் நாகர்கோவிலில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி போனில் உத்தரவு போட்டார். கேட்டைப் பூட்டு, உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது. நான் உள்ளே இருப்பவன் ஆகிவிட்டேன்.

குவைத்தக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சாருக்கு என்ன ஜோலி?”

“பத்திரிகையில வாராவாரம் எழுதறேன்.”

“அப்ப கை ரெண்டும் சும்மாதானே இருக்கு,” என்று சொல்லி ஒரு பெட்பேனைக் கையில் கொடுத்தார்.

என் முதல் சாதனை மீன். வெளியிலிருந்து வருகிற எதையும் கழுவித்தான் உள்ளே எடுக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஒருவர் சாளை மீனை வைத்துவிட்டுப் போனார். நான் பொறுப்பாக அதை எடுத்து, சோப்புத் தூளில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்து அலசினேன். மதியம் குழம்பு கொதிக்கக் கொதிக்க நுரை சட்டியை விட்டு எழும்பி வந்தது. குவைத்தக்கா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “முக்கு மாஃபி” என்றார். மூளை இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு அந்த இல்லத்தில் என் பெயரே அதுதான். எண்பது வயதுக்காரர்கள் கூட “முக்கு மாஃபி, குடிக்க கொஞ்சம் வெள்ளம் எடு மக்கா” என்று பாசமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சிரிப்பு அத்தோடு நிற்கட்டும். கேட்டைப் பூட்டும்போது பாதிக்கு மேற்பட்ட பணியாளர்கள் வீட்டில் இருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டது மூன்றே பெண்கள்: குவைத்தக்கா, சமையல் தங்கம், ஸ்டெல்லா. ஸ்டெல்லாவுக்குக் குளச்சல் பக்கம் வீடு, அங்கே பால்குடி மறந்த கையோடு விட்டுவிட்டு வந்த ஒரு பெண் குழந்தை. எட்டுப் பேர் பார்த்த வேலையை மூன்று பேர் பார்த்தார்கள். பகல் டூட்டி முடிந்தால் இரவு டூட்டி, இரவு டூட்டி முடிந்தால் பகல் டூட்டி. படுக்கை அரிசிச் சாக்கு அடுக்கியிருந்த அறையில், வெறுந்தரையில். பாதுகாப்பு உடை மூன்று பேருக்குமாக ஒன்று வந்தது. மற்ற இருவரும் ரப்பர் பால் எடுக்கிறவர்களின் மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, மீன மாத வெயிலில் வேர்த்து வடிந்தார்கள்.

இத்தனைக்கும் மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. டிரஸ்டிகள் வந்தால் தங்குவதற்கு. இரண்டு கட்டில், ஏசி, தனிக் குளியலறை. டிரஸ்டி எவரும் அதில் தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

தினமும் மாலையில் செயலாளர் வீடியோவில் வந்து ஆய்வு செய்வார். போனைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக நடப்பது என் வேலை. ஒருநாள் அவர் கைதட்டி, “நீங்கள்லாம் தேவதைகள்” என்றார்.

குவைத்தக்கா போனுக்கு முன்னால் வந்து நின்றார். “தேவதைக்கு முதுகு நோவாது சாரே. எங்களுக்கு நோவுது. அந்த மேல் ரூமை திறந்து தாங்க. வீட்டில இருக்க மத்த ஜோலிக்காரப் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுத்து, கொஞ்ச நாள் தனியா வச்சு உள்ள விடுங்க. இவங்க வீட்டுக்குப் போயிட்டு வரட்டு.”

“வெளியாள் வந்தா தொற்று வரும்மா. இது சேவை. சேவையில லீவு கேக்கலாமா?”

“சேவை உங்களுக்கு சாரே. எங்களுக்கு இது வேலையாக்கும். வேலைன்னா லீவு உண்டு.”

செயலாளருக்கு அப்போது சிக்னல் போய்விட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டால் அவருக்கு எப்போதும் சிக்னல் போய்விடும்.

மறுநாள் காலை ஸ்டெல்லா, தோஹா அம்மச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மகன் தோஹாவில் இருப்பதால் அந்தம்மாவுக்கு அந்தப் பெயர். ஊட்டுகிற கை பாதியில் நின்றுவிட்டது. பார்த்தால் ஸ்டெல்லா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள். அம்மச்சி சத்தம் போடாமல் கரண்டியை வாங்கித் தானே குடித்து முடித்தார். மதியம் வெந்நீர் வாளியோடு குளியலறைக்குப் போனவள் அங்கேயே சரிந்து விழுந்தாள். வெந்நீர் மேலே கொட்டாதது யார் செய்த புண்ணியமோ. கணுக்கால் வீங்கிவிட்டது.

குவைத்தக்கா அவள் காலை மடியில் வைத்துத் தைலம் தடவினார். “ஏட்டி, பிள்ளைய நெனச்சியா?” என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு அரபிச் சொல் வரவில்லை.

அன்று மாலை ஆய்வுக்கு நான் போனைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கூடத்துக்குள் நுழைந்தேன். காலியாகக் கிடந்த கடைசிக் கட்டிலில் குவைத்தக்கா கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

“யாரது, கடைசிக் கட்டில்ல?” என்றார் செயலாளர்.

“நானாக்கும் சாரே. புதுசா சேர்ந்திருக்கேன்.”

“என்ன விளையாட்டு இது?”

“அறுபது கழிஞ்ச, ஆதரவில்லாத யாருக்கும் கட்டில், ஃபேன், மூணு நேரம் சாப்பாடு, அன்பான கவனிப்புன்னு வாசல் போர்டுல எழுதிப் போட்டிருக்கியளே. எனக்கு அறுபத்தொண்ணு. கலியாணம் கழிக்கல. ஆதரவும் மாஃபி.”

“நாப்பத்தெட்டுன்னு சொல்லித்தானே வேலைக்குச் சேர்ந்தே?”

“நாப்பத்தெட்டும் எனக்குத்தான் சாரே, ஒரு காலத்துல.”

ஐம்பத்தைந்துக்கு மேல் யாரையும் வேலைக்கு வைப்பதில்லை என்பது இல்லத்தின் விதி. செயலாளரின் முகம் போன் திரையை நிறைத்தது. “பொய் வயசு சொல்லியிருக்கே. இப்பவே வெளியே போ.”

“கேட்டு பூட்டிக் கெடக்கே சாரே. யாரும் வெளிய போவப்பிடாதுன்னு நீங்கதானே ஆர்டர் போட்டிய.”

இந்த முறை சிக்னல் நன்றாகவே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கடைசியில், “கேட்டைத் திறக்கிற அன்னிக்கு நீ இங்க இருக்கக்கூடாது” என்றார்.

“சரி சாரே. அதுவரைக்கும் எனக்கு வெந்நி யாரு வைப்பா?”

போனை அணைத்த பிறகு குவைத்தக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “இந்த ஜோலி போச்சுன்னா எனக்குப் போறதுக்கு ஒரு எடம் கெடையாது, கேட்டியளா. ஆனா அந்தப் பிள்ளை இன்னொரு மட்டம் விழுந்தா எந்திரிக்காது. அதுக்கு முன்ன அந்த ரூமு தொறக்கணும்.”

வெந்நீர் நான்தான் வைத்தேன். அந்த வாரம் அக்கா படுத்தபடியே இல்லத்தை நடத்தினார். இடது பக்கம் திருப்பு, முதுகைத் துடை, பவுடர் போடு என்று கடைசிக் கட்டிலிலிருந்து கட்டளை வரும். நடமாட முடிந்த கிழவர்கள் தட்டுக் கழுவினார்கள். சித்தப்பா வெங்காயம் உரித்தபடி தங்கத்துக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். தங்கம் பொறுத்துக்கொண்டாள். எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. மூன்று பெண்கள் இத்தனை நாளாகத் தூக்கிய பாரம் என்னவென்று என் இடுப்புக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நன்கொடை தருகிறவர்கள் எல்லாரும் வீடியோவில் கூடுகிற நாள். தோஹா, மஸ்கட், துபாய் என்று திரை நிறைய முகங்கள். செயலாளர் வேட்டி சட்டையில் வந்து, “நம் முதியோர்கள் எவ்வளவு நிம்மதியாக உறங்குகிறார்கள் பாருங்கள்” என்றார். நான் போனைத் திருப்பினேன்.

கட்டில்களில் உறங்கிக்கொண்டிருந்தது முதியோர்கள் இல்லை. ஒன்றில் ஸ்டெல்லா, வீங்கிய காலுக்குத் தலையணை வைத்து. அடுத்ததில் தங்கம், வாயைத் திறந்து குறட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தோஹா அம்மச்சி பழைய செய்தித்தாளால் ஸ்டெல்லாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். குவைத்தக்கா சத்தியமாகச் சொல்கிறார், அந்த யோசனை தன்னுடையது இல்லை என்று. நான் நம்பவில்லை.

திரையில் ஒரு முகம் முன்னால் வந்தது. “அம்மா, நீ ஏன் கட்டில்ல படுக்கல?”

“எனக்கு உறக்கம் வரல்ல மக்கா. இவளுக்கு வருது. வர்ற ஆளுக்குக் குடுத்தேன்.”

“அவங்களுக்குப் படுக்க இடம் இல்லையா?”

“அரிசிச் சாக்கு பக்கத்துல தரையில கெடக்குதுவோ. மேல ஒரு ரூமு இருக்கு. அது பூட்டிப் போட்டிருக்கு. யாருக்காக்கும்னு செயலாளர்ட்ட நீயே கேளு.”

மகன் கேட்டார். செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “பணியாளர்களுக்குத்தான். இன்னிக்குத் திறக்கலாம்னு இருந்தோம்.”

சாவி அவர் வீட்டில் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து கொண்டுவர ஊரடங்கு தடை. மயிலாடியில் வாழ்நாள் முழுக்கச் சிலை கொத்திய பாட்டா ஒருவர் ஆண்கள் கூடத்தில் இருந்தார். உளியும் சுத்தியலும் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். மாடியேறிப் போய் ஒரே தட்டு, பூட்டு கீழே விழுந்தது. நன்கொடை தருகிறவர்கள் விடாமல் கேட்டதில், அடுத்த வாரம் வெளியே இருந்த பணியாளர்கள் பரிசோதனை முடித்து, தனியாக இருந்து, உள்ளே வந்தார்கள். வீட்டுக்குப் போக முதல் ஆளாக ஸ்டெல்லா நொண்டிக்கொண்டே கேட்டைத் தாண்டினாள். அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை.

குவைத்தக்கா மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

“இனி என்னம்மா வேணும்?” செயலாளர் போனில் கெஞ்சினார்.

“நாளைக்கு டூட்டியில எறங்கணும்னா எனக்க வயசு பழையபடி ஆவணும் சாரே.”

“எவ்வளவு?”

“நாப்பத்தெட்டு. அது எனக்குப் பழகிப்போச்சு.”

ஆயிற்று. மறுநாள் விடியும்போதே கூடத்தில் “யல்லா” கேட்டது. அத்தனை கிழங்களும் பல்லில்லாத வாயால் சிரித்தபடி எழுந்தார்கள்.

சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியில் அவருக்குப் பால் விட்டதும் கண்ணை மூடிவிட்டதும் குவைத்தக்காதான். “ஹலாஸ் பாட்டா” என்று அவர் காதில் மெதுவாகச் சொன்னாராம். போன மாதம் எனக்கு அறுபது முடிந்தது. எப்படித் தெரிந்ததோ, அன்றே போன் வந்தது.

“முக்கு மாஃபி சாரே, சித்தப்பாவுக்க கட்டிலு ஒழிஞ்சு கெடக்கு. நான் இருக்கும்போதே வந்து சேருங்க. பொறவு யாரு திட்டுவா?”

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் கொஞ்ச வருஷம் கழித்து. அதுவரைக்கும் அக்கா, தயவுசெய்து, நாற்பத்தெட்டிலேயே இருங்கள்.