நானும் சேர்ந்து தேடினேன்

கைப்பிள்ளைக்காரியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, அறிவுரைதான் சொல்வார்கள். என் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, என்னுடைய செல்போனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

போனுக்கு ஒரு பெரிய அப்டேட் வந்திருந்தது. நான் எதையும் படிக்காமல் 'சரி' அழுத்துகிற ரகம் இல்லை. பிள்ளைக்கான சொட்டு மருந்தின் அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்பக்கம்கூட ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறவள். அதனால் அப்டேட் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பால் கொடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். பேட்டரி மத்தியானத்துக்குள் செத்துவிடுகிறது என்று ஒருவர் புலம்பியிருந்தார். ஒருவருக்கு எழுத்தெல்லாம் அழகாகிவிட்டதாம். இன்னொருவருக்கு அலாரம் அடிக்காமல் ரயில் போய்விட்டது. புதிதாக வந்திருக்கும் விபத்து எச்சரிக்கை வசதி ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்: போனைக் கட்டிலில் வீசியிருக்கிறார், விபத்து என்று செய்தி போய் மைத்துனர் வேலூரிலிருந்து அழுதுகொண்டே வந்துவிட்டாராம். அதற்குக் கீழே ஏகப்பட்ட பேர் சிரித்திருந்தார்கள். என் பங்குக்கு நானும் ஒரு சிரிப்பைப் போட்டேன்.

இத்தனையும் படித்துவிட்டு, அது கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தேன். காரணம், அதில் பிள்ளையின் அழுகையைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி ஒன்று இருந்தது. அசந்து தூங்கிவிடுவேனோ, பிள்ளை அழுவது கேட்காமல் போய்விடுமோ என்பதுதான் அப்போது என் பெரிய பயம். (தூங்கினால்தானே!)

அப்டேட் முடிந்ததிலிருந்து, பிள்ளை என் மடியில் கிடந்து வீறிடும்போதெல்லாம் போன் அதிர்ந்து, 'ஒரு குழந்தை அழுவது போல் தெரிகிறது' என்று மரியாதையாகத் தெரிவித்தது. அப்படியா, சொன்னதற்கு நன்றி. ஒருநாள் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அதே செய்தி வந்தது. பதறிப்போய்த் தொட்டிலைப் பார்த்தேன். பிள்ளை அசையவில்லை. அழுதுகொண்டிருந்தது நான்தான்.

அந்த நாட்களில் நான் அடிக்கடி அழுதேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காது என்ற நம்பிக்கையில் அழுவேன். என் மாமியார் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். கடைசி பெஞ்சில் மிட்டாய்த்தாள் பிரிப்பது கேட்கிற காது அவருக்கு. ஒருநாள் காலை, பெங்களூரில் வேலை பார்க்கும் என் கணவரிடம் அவர் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது.

"ஏலே சண்முவம், எனக்கு இவள நெனச்சா பயமா இருக்குலே. தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுவுதா. பிள்ளையோட தனியா விட மனசு வரல. கொஞ்ச நாளைக்குத் திசையன்விளைக்கு, அவ அம்மாகிட்ட அனுப்பி வைப்போம். பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும். புட்டிப்பால் பழக்கிக்கிடலாம்."

என்னை மட்டும் அனுப்புவார்களாம். பிள்ளை இங்கே இருக்குமாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்கு மத்தியானம் அத்தை கண்ணயர்ந்ததும், பிள்ளையை வெள்ளைப் பூத்துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினேன். வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து படித்துறைக்கு நடக்கிற தூரம்தான். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பிள்ளை தூங்குகிறது என்பதை (குழாய் உபயத்தில்) கண்டுபிடித்திருந்தேன். அவனைத் தனியாகக் கொண்டுபோய், தனியாகத் தூங்கவைத்து, அத்தை எழுந்திருக்கும் முன் திரும்பி வந்து, 'பாத்தீங்களா, என்னால முடியும்' என்று சொல்ல வேண்டும். திட்டத்தில் எந்த ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

படித்துறையில் அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் செருப்பைக் கழற்றினேன். பக்கத்துப் படியில் பையை வைத்தேன். போன் அதற்குள் இருந்தது. வழியெல்லாம் குழந்தை அழுவதாகச் சொல்லிச் சொல்லி அதுவும் களைத்திருந்தது. பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனால் நல்ல நிழல். அங்கே உட்கார்ந்து தோளில் போட்டுத் தட்டினேன். பிள்ளை தூங்கினான்! நானும் பல நாளுக்குப் பிறகு மூச்சை முழுதாக விட்டேன்.

இந்தப் பக்கம் ஒரு வெள்ளாடு பைக்குள் தலையை விட்டிருக்கிறது. உள்ளே என்ன கிடைத்ததோ, பிடிக்காமல் ஒரு முட்டு முட்டியிருக்கிறது. பை படிகளில் உருண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் போயிருக்கிறது. வழியில் ஒரு செருப்பையும் கூட்டிக்கொண்டு. போன் அதைக் கடுமையான விபத்து என்று முடிவுகட்டி அலறியது. அலறல் எனக்கும் கேட்டது. பாலத்து மேலே ஆம்புலன்ஸ் போகிறது என்று நினைத்து, 'யார் பெத்த பிள்ளையோ, முருகா, காப்பாத்து' என்று வேண்டிக்கொண்டேன்.

முருகன் என்ன செய்தாரோ, போன் தன் கடமையைச் செய்தது. 'இவர் பெரும் விபத்தில் சிக்கியிருக்கலாம். பதில் இல்லை' என்று என் கணவருக்குச் செய்தி அனுப்பியது. கூடவே வரைபடம். அதில் நீலப்புள்ளி நட்ட நடு ஆற்றில் நின்றது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளை தூங்கும் நேரத்தில் மணியடிக்கக் கூடாது என்று நானே அதன் வாயைக் கட்டியிருந்தேன். விபத்து அலறலுக்கு மட்டும் அந்தக் கட்டு செல்லாதாம். அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டார். அத்தை எழுந்து பார்த்தபோது தொட்டில் காலி. அவர் போட்ட கூச்சல் வாய்க்கு வாய் மாறி, அவருக்கு முன்னால் படித்துறைக்கு வந்துவிட்டது.

எனக்கு இது எதுவும் தெரியாது. கீழே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிள்ளையோடு இறங்கி வந்தேன். ஒரே கூட்டம். நான்கைந்து பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?" என்று தலையில் துண்டு கட்டிய ஒருவரிடம் கேட்டேன்.

"ஒரு பொம்பளப்பிள்ள கைப்பிள்ளையோட ஆத்துல எறங்கிட்டாளாம்மா. செருப்பும் பையும் அங்கன ஓரத்துல கெடந்துருக்கு."

பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். "அந்தப் பச்ச மண்ணு என்ன பாவம் செஞ்சுது? வீட்டுல ஒருத்தர்கூடவா அவளைக் கவனிக்கல?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் துவைத்த துணியோடு நின்ற அக்கா, "என்ன கஷ்டமோ, என்ன மாமியாளோ" என்றாள்.

"மாமியாராத்தான் இருக்கும்" என்றேன். (படித்தவள் சொன்னால் கூட்டம் நம்பும். நாலைந்து தலை ஆடியது.)

தண்ணீரில் ஒருவர் துணி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் "ஐயோ" என்றோம். பழைய சாரம், யாரோ கட்டிக் கழித்த லுங்கி. மறுபடி துழாவினார்கள். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "அந்தப் பாறைப் பக்கம் பாருங்க அண்ணாச்சி, இழுப்பு அங்கதான் இருக்கும்" என்று நான் கையை நீட்டி வழிகாட்ட, அவர்களும் அந்தப் பக்கம் போனார்கள்.

துண்டுக்காரர் என்னை அதட்டினார். "எம்மா, நீ பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கன நிக்காத. தள்ளிப் போ. பயந்துரும்."

அப்போது எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி மொபெட்டை மேலே போட்டுவிட்டு, படி வழியே கத்திக்கொண்டு இறங்கினார். "பச்சைச் சுடிதாரு! பிள்ளைய வெள்ளைத் துண்டுல சுத்திருக்கும்! யாராவது பாத்தியளா?"

நானும் கூட்டத்தோடு சேர்ந்து பச்சைச் சுடிதாரைத் தேடினேன். ஆற்றைப் பார்த்தேன், அக்கரையைப் பார்த்தேன். துணிக்கார அக்கா ஆற்றைப் பார்க்கவில்லை. என்னைத்தான் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"எம்மா, நீ போட்டிருக்கது என்ன கலரு?"

"இது பச்சை இல்லக்கா, பாசிப்பயறு கலர்" என்றேன். அப்புறம்தான் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை.

கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது. யாருக்கும் சந்தோஷம் மாதிரித் தெரியவில்லை. இவ்வளவு தேடியும் கிடைக்காத பிணம் பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? தண்ணீரில் நின்றவர்களில் ஒருவர் கேட்டார்: "அப்போ நாங்க ஏறிரலாமாம்மா?"

"ஏறிருங்க அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல?

மேல்படியில் அத்தை நின்றார். காலில் செருப்பில்லை, முந்தானை தரையில் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு மடிப்புக் கலையாமல் போய்வந்த மனுஷி. என்னைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல எழுந்து இறங்கி வந்து, பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் துப்பட்டா நுனியைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். அவ்வளவுதான். கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் நல்லா இருப்பிய. மாமியா நான்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். துணிக்கார அக்கா துணியைப் பிழியத் தொடங்கினாள். ஏற்கெனவே பிழிந்த துணி.

தெருத் திருப்பத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்து அத்தை நின்றார். துப்பட்டா இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"கோமு, மறைக்காமச் சொல்லு. அதுக்குத்தான் போனியாட்டி?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையும் அதுதான். பிள்ளையைத் தூங்கவைக்கத்தான் போனேன். ஆனால் அந்தச் சொல் உடனே வரவில்லை. எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு வந்தது.

"இன்னைக்கு இல்ல, அத்தை."

அறிவுரை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறோம். பிள்ளைக்கு இல்ல, உனக்கு" என்றார். சற்று நடந்துவிட்டு, "திசையன்விளைக்கெல்லாம் போவாண்டாம். உங்கம்மாவ இங்க வரச் சொல்லுதேன். மத்தியானம் பிள்ளை எங்கிட்ட. நீ கதவச் சாத்திட்டுத் தூங்கு" என்றார்.

டாக்டர் என் அழுகைக்கு ஒரு பெயர் சொன்னார். நிறையத் தாய்மாருக்கு வரும், சரியாகும் என்றார். மெதுவாகச் சரியானது. பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

கதை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினால் என் கணவர், "நல்லாத் தேடு, நீயே கெடைப்ப" என்பார். கல்யாண வீடுகளில் அத்தைதான் கதைசொல்லி. பாறைப் பக்கம் கையை நீட்டி நான் வழிகாட்டியதை நடித்தே காட்டுவார். பாசிப்பயறு இடத்தில் பந்தியே சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் யாராவது, "அப்புறம் என்ன செஞ்சிய டீச்சர்?" என்று கேட்பார்கள்.

"அப்புறம் என்ன, நேரா வீட்டுக்கு வந்துட்டோம்" என்பார் அத்தை, என் பக்கம் பார்க்காமல். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன்.