வெளி ஆளு

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்புக் காலோடு நுழையலாமா? கூடாது. எண்பத்தேழாம் வருஷம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, சூடமும் காட்டி, துவாவும் ஓதித்தான் இறக்கினார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற கம்பெனியில், அந்த ஒரு அறைக்கு மட்டும் எல்லோரும் வெறுங்காலோடு போனார்கள்.

அறைக்குப் பொறுப்பாளன் தணிகைவேல். அவனுக்கு ஒரே கவலை. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதென்று மாட்டிய ஏ.சி., அதன் தலைக்கு நேர் மேலேயே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்றைக்காவது உள்ளே இறங்கினால் பெட்டியும் போகும், பழியும் அவன் தலையில் விழும்.

மேனேஜர் மக்பூல் அகமதுவிடம் போய் நின்றான்.

"பாய், பெட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திடலாம்."

"நீ நம்ம ஆளுப்பா. நம்ம ஆளு சொன்னான்னு நகர்த்தினா முதலாளி இன்னா கேப்பாரு? ஒரு கன்சல்டன்ட் சொல்லட்டும், உடனே நகர்த்திடலாம்."

அவ்வளவுதானே என்று தணிகைவேல் வேலையை விட்டுவிட்டுக் கன்சல்டன்ட் ஆனான். ஆம்பூரிலேயே இருந்தால் உள்ளூர் ஆளாகிவிடுவான் அல்லவா? அதனால் மனைவி பூரணியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேலூர் லாங் பஜாரில் ஒரு மாடிக்குக் குடிபோனான். டை வாங்கினான். பூரணிக்கு மாடு கட்டுகிற முடிச்சுதான் தெரியும். அதையே போட்டுவிட்டாள், நன்றாகவே நின்றது.

முதல் நாள் ராஜ மரியாதை. பீங்கான் கோப்பையில் டீ, தட்டில் கிரீம் பிஸ்கட். பெட்டியை நகர்த்துங்கள் என்பது கன்சல்டன்டுக்கு அழகில்லை என்பதால், "இடமாற்ற நடவடிக்கை அவசியமெனப் பரிந்துரைக்கப்படுகிறது" என்றான்.

மக்பூல் பாய் நெகிழ்ந்துபோனார். "இந்த மூளை நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனுக்காவது இருக்குதா?"

தணிகைவேலின் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்த சீனிவாசன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் போன வாரம் அதைத்தான் சொல்லியிருந்தான்.

முதலாளியிடம் கேட்டு நல்ல நாளாகப் பார்த்து நகர்த்தலாம், நடுவில் வந்து போய்க்கொண்டிருங்கள் என்றார் பாய். வந்து போனான். டீ கண்ணாடி கிளாசுக்கு இறங்கியது. பிஸ்கட் நின்றது. வாட்ச்மேன் எழுந்திருப்பதை விட்டான். ஒரு நாள், "அப்படியே கேன்டீன்ல டீ குடிச்சிட்டு வந்துடுப்பா" என்றார் பாய்.

"பாய், அந்தப் பெட்டி..."

"இரு தணிகை. நீ நம்ம ஆளுதானே, இங்க இருக்கிற பேஜாரு உனக்குத் தெரியாதா?"

சொட்டு இப்போது ஒழுக்காகிவிட்டது. சீனிவாசன் கம்ப்யூட்டர் தலையில் ஒரு வாளி வைத்திருந்தான். "அண்ணே, மெஷின் போச்சுன்னா உங்க பேரைத்தான் சொல்லச் சொல்லியிருக்காரு பாய். பரிந்துரைச்சது நீங்கதானாமே."

தணிகைவேல் நெமிலிக்கு ஓடினான். பூரணியின் அண்ணன் பச்சையப்பன் அங்கே நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள, கம்ப்யூட்டர்னா கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது."

"அதெல்லாம் வேணாம் மச்சான். வெளி ஆளா இருந்தா போதும்."

மறுநாள் பச்சையப்பன் டை கட்டிக்கொண்டு கன்சல்டன்டாகக் கம்பெனிக்குப் போனான். ஷூவை வாசலில் கழற்றினான். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா சார், தண்ணி ஊத்துது. பொட்டியைத் தள்ளி வையுங்க."

மத்தியானமே நகர்த்திவிட்டார்கள். மக்பூல் பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க தணிகையும் இத்தினி நாளா வர்றான் போறான், ஒரு நாளாவது இப்படிப் புரியிற மாதிரி சொன்னானா?"

அன்றைக்கு லாங் பஜார் மாடியில் பச்சையப்பனுக்குக் கறிக்குழம்புச் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து, பழி விலகிய நிம்மதியில் தணிகைவேல் சொன்னான்: "இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு, கூடவே இருக்கிறவன் பேச்சு மட்டும் காதுல ஏறாது மச்சான்."

பூரணி அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"அண்ணா, டையை இப்பவே அவுத்துடாதே. கீழே மிளகாய் மண்டி. நெடி தாங்காம குழந்தை தும்மித் தும்மி மூக்கு செவந்து கெடக்கு. வேற வீடு பாக்கச் சொல்லி இவர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."