உரலில் வந்த ஆத்தா

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. (எனக்கு அந்த ஒரு வித்தை மட்டும் வரவே இல்லை.)

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அப்போது தமிழில் மலிவாகக் கிடைத்த ரஷ்ய நாட்டுக் கதைகளைப் படித்துப் படித்துப் பித்துப் பிடித்துப்போய், கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, நூல் கட்டி மேலிருந்து ஆட்டுகிற பொம்மைகள் செய்தேன். கரடி, நரி, இளவரசன், கூடவே ஒரு சூனியக்காரி.

அந்தச் சூனியக்காரிக்கு இரும்புப் பல். உரலில் உட்கார்ந்து, உலக்கையால் காற்றைத் துழாவிக்கொண்டே பறப்பாள். இரும்பு அறுக்கிற ஹேக்ஸா பிளேடை உடைத்துப் பல் வைத்தேன். தேங்காய் நாரில் விரிந்த தலைமுடி. ரஷ்யக் கிழவிகள் என்ன உடுத்துவார்கள் என்று தெரியாததால் அக்காவின் சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிவிட்டேன். (விபரீதம் அங்கேதான் ஆரம்பம்.)

தொழிற்சாலையில் ஆயுத பூஜை. குடும்பங்களும் வரலாம் என்பதால், புதுவாயலிலிருந்து பெண் வீட்டாரும் என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பா, அம்மா, நடுவில் அமுதா.

"சட்டைய இன் பண்ணிக்கினு கம்முனு குந்துடா, போதும்" என்றாள் என் அம்மா.

நான் குந்தவில்லை. அமுதாவை அசத்தப் பொம்மலாட்டம் வைத்திருந்தேன்! துணித் திரைக்குப் பின்னால் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். கரடியை ஆட்ட நண்பன் டில்லி. பூஜைக்கு வந்திருந்த பம்பைக்காரரிடம், "சூனியக்காரி வரும்போது வேகமா வாசிங்கண்ணே" என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

நரி வந்தது, கரடி வந்தது, குழந்தைகள் கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உரலோடு சூனியக்காரியை இறக்கினேன். சிவப்புத் துணி, விரிந்த முடி, மின்னும் பல்! பம்பைக்காரர் அதைப் பார்த்தார். அவர் கை தானாகவே சாமி அழைக்கிற அடிக்கு மாறியது.

"ஆத்தா!" என்று அமுதாவின் அம்மா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெரியபாளையத்து அம்மனே வந்துட்டா!"

அவ்வளவுதான். கூட்டமே எழுந்தது. யாரோ தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள்.

"அது ரஷ்யாக் கிழவிங்க" என்று நான் கத்தியது பம்பைச் சத்தத்தில் யார் காதில் விழும்?

"நைனா, நூல வுட்றாத. கீழ வுழுந்தா நம்மள அடிச்சே கொன்னுடுவாங்க" என்றான் டில்லி.

முன்வரிசையில் ஒரு தொழிலாளி கும்பிட்டுக் கேட்டார். "ஆத்தா, எங்கள பர்மனென்ட் பண்ணுவாங்களா?"

பயத்தில் நூலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சூனியக்காரி தலையை மேலும் கீழும் ஆட்டினாள். விசில் கூரையைப் பிளந்தது. மேனேஜர் முகம் கடுகடுத்தது.

அடுத்து அமுதாவின் அம்மா முன்னால் வந்தார். "தாயே, இந்தப் புள்ளைக்கு எம் பொண்ணக் கட்டலாமா? நீயே சொல்லு."

இதைவிட என்ன வேண்டும்! குஷியோடு நூலை இழுக்கப் போனேன். கற்பூரப் புகை மூக்கில் ஏறியது. அடக்கி அடக்கிப் பார்த்து, ஒரு தும்மல் போட்டேன். சூனியக்காரி இடமும் வலமுமாகத் தலையை அசைத்தாள். கட்டக்கூடாது!

அமுதாவின் அப்பா கிளம்புவதற்குச் செருப்பைத் தேடினார். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அப்போது திரை விலகியது. உள்ளே வந்தது அமுதா. பெஞ்சு மேல் மூக்கு ஒழுக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாங்க, எந்த நூல இழுத்தா தல கீழ குனியும்?"

காட்டினேன். ஏறி நின்று இழுத்தாள். ஒரு தடவை இல்லை, உரலே குலுங்கும்படி பல தடவை! வெளியே குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

தை மாதம் கல்யாணம். பர்மனென்ட் அப்புறம் ரொம்ப நாள் கழித்துத்தான் ஆனது. (மேனேஜர் அந்தத் தலையாட்டலை மறக்கவே இல்லை.)

உண்மையைச் சொன்னபிறகும் மாமியார் நம்பவில்லை. உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பொம்மைக்கு விளக்கேற்றினார். இப்போது பேத்திக்கு வரன் பார்க்கிறோம். போன வாரம் வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு, "உங்க குலதெய்வம்?" என்று பயபக்தியோடு கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்.

"அம்மன்தாங்க. ஆனா சொந்த ஊரு ரஷ்யா."