ஏரி மீனும் கடல் இரையும்

ஃப்ரீசரைத் திறந்தார் மீன் டாக்டர். பை காலி. அடுப்பைத் திரும்பிப் பார்த்தால், சட்டியில் மீன்கள் மொறுமொறுவென்று வெந்துகொண்டிருந்தன.

"ஐயையோ! அது என் ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சின்னு எழுதி ஒட்டியிருந்தா நான் ஏங்க வறுக்கப்போறேன்?" என்றாள் மனைவி. "ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க."

மனுஷனுக்கு வைத்தியம் தெரியாது. மீன் சதையில் உள்ள ஐசோடோப்புகளை அளந்து, அது எதைத் தின்று வளர்ந்தது என்று சொல்வதுதான் வேலை. டாக்டர் பட்டம் வீட்டில் கொடுத்தது. ஊர் ஏரி மீன்கள் கடல் இரையைத் தின்கின்றன என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர். ஏரிக்கும் கடலுக்கும் பூமிக்கடியில் வழி இருப்பதாகக் கட்டுரைகளாக எழுதித் தள்ளித் துறைத்தலைவர் பதவியின் வாசல்வரை வந்துவிட்டார். மறுநாள் கடைசிச் சோதனை. அதில் சொதப்பினால் பதவி அம்பேல்.

ஏரி மீன் கொண்டுவந்து கொடுக்கும் மீன்காரர் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் சந்தைக்கு ஓடி, அதே அளவில் அதே ஜாதி மீன் வாங்கி வந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் மனைவி.

"எப்படி ஒண்ணாகும்? மெஷின் என் மானத்த வாங்கிடும்!"

காலையில் வயிற்றுவலி வந்தவர்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மேடம், சோதனைய அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்று ஆய்வுக்கூட இயக்குநரிடம் முனகினார்.

"பாவம், நீங்க போய்ப் படுங்க. நானே பாத்துக்கறேன்" என்று அந்த அம்மாள் அவர் கையிலிருந்த சந்தை மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தொலைந்தோம் என்று படுத்துக் கிடந்தவரைச் சாயங்காலம் இயக்குநரின் போன் எழுப்பியது.

"கங்கிராட்ஸ்! அதே கடல் இரை, இம்மி மாறல! பதவி உங்களுக்குத்தான். அடுத்த வாரம் வெளியூர் நிபுணர்களெல்லாம் வர்றாங்க. அவங்க கண்ணெதிர்ல ஏரில மீன் பிடிச்சுக் காட்டிடுங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தைக்கும் அந்த ஏரி மீன்தான் வருகிறது போலிருக்கிறது! சந்தோஷம் தாங்காமல் மீன்காரர் வீட்டுக்கே ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் நீங்க ஏரில வலை வீசணும்!"

மீன்காரர் தலையைச் சொறிந்தார்.

"அந்த ஏரில ஏது சார் மீனு? இத்தன வருஷமா நான் குடுத்ததெல்லாம் சந்தைல வாங்கினது. கடல் கருவாட்டுத் தூள் போட்டு வளர்த்த பண்ணை மீனு!"