சரித்திரம் குடித்த தம்ளர்

சூரமங்கலத்தை விட்டு ஓமலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரே பை. குடியை விட்டு எட்டு மாதம் என்று எங்கள் சங்கமே கைதட்டிய மறுநாள் குடித்துவிட்டேன். இனி அங்கே, சரித்திரம் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் தலைவரின் முகத்தில் விழிக்க முடியாது.

சேலம் ஜில்லாவில் எவன் எப்போது கடைசியாகக் குடித்தான் என்பது யமனைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். குடியை விட்டவர்களின் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாகத் தலைவர். ஒவ்வொருவரின் கடைசிக் குடித் தேதியையும் நோட்டில் எழுதுவார். வாய்வார்த்தையை நம்ப மாட்டார். லாரி டிரைவர் ஒருவர் செவ்வாய்க்கிழமை விட்டதாகச் சொல்ல, நாமக்கல்லுக்கே போய் அவர் மனைவியிடம் விசாரித்தார்.

"செவ்வாயா? பொய்யிங்க. புதன்கிழமை கறிச்சோத்துக்கு முந்தி ஒரு குவாட்டரு போச்சுங்க."

புதன் என்று திருத்திவிட்டுத்தான் அந்த வீட்டில் தண்ணீர் குடித்தார்.

அப்பேர்ப்பட்டவர் மொபெட்டில் துரத்தி வந்து என்னை மறித்தார். மாட்டினேன் என்று நினைத்தேன்.

"சாமி, மோசம் போயிட்டேன். நான் குடிச்சிருக்கேன்."

என் பை கீழே விழுந்தது. "எப்பங்கய்யா?"

"இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி!"

ஃபேர்லேண்ட்ஸில் சொந்தக்காரர் வீட்டில் பழைய கல்யாண வீடியோ போட்டிருக்கிறார்கள். பந்தலுக்குப் பின்னால் தம்ளரோடு இவர். குடியை விட்டதாக எழுதிவைத்த தேதிக்கு நாலு மாதம் கழித்து நடந்த கல்யாணம். இவருக்கோ துளி ஞாபகம் இல்லை. தப்பான தேதிக்கு வருடா வருடம் கேக் வெட்டியிருக்கிறோம்.

"மோரா இருக்குமுங்க."

"மோரைக் குடிச்சுப்போட்டு எவனாச்சும் சட்டையைக் கழட்டி ஆடுவானா?"

நோட்டை நீட்டினார். "நீ எழுது சாமி. என்ற தப்பை நானே திருத்துனாச் செல்லாது."

நான் ஆறாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டி அவர் தேதியை அடித்துத் திருத்தினேன். அவர் நோட்டை வாங்கவில்லை.

"உன்ற தேதி?"

"நேத்துங்க." அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதையும் எழுது. ரெண்டு பேரும் சேந்தே போயிச் சொல்லிப்போடலாம். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குது."

அன்று சாயங்காலம் கூட்டத்தில் முதலில் அவர் எழுந்து சொன்னார். அந்த லாரி டிரைவர் கேட்டார்: "சாட்சி உண்டுங்களா?"

சரித்திரம் செல்போனில் பிடித்துவந்திருந்த கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினார். சட்டையில்லாத ஆட்டத்தைப் பார்த்துச் சங்கமே வாய் பிளந்தது. அடுத்து நான் எழுந்தேன். என்னுடையதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, லாரி டிரைவர் சொல்லிவிட்டதில், நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபத்து அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். எத்தனையோ ஊரில் வேலை பார்த்தவன். அந்தக் கேள்விக்கு யாருமில்லை என்றுதான் சொல்லிவந்தேன். அன்றைக்குச் சரித்திரத்தின் நம்பரைச் சொன்னேன்.