கயிறை வுடுங்கக்கா!

திருவண்ணாமலையில் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மோட்டார் மாட்டிப் பார்த்த ஒரே மனிதர் பம்புசெட்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் அதைக் கேட்டவர் யாருமில்லை. மனைவியே, "இன்னா பம்புசெட்டு, சாப்பிட வர்றியா இல்லையா?" என்றுதான் கூப்பிடுவாள்.

தொழில் மோட்டார் ரிப்பேர். மற்றதெல்லாம் ஊருக்குச் சேவை. ஒரு பௌர்ணமிக்கு, கிரிவலம் போகிறவர்களுக்குக் கால் சுடக்கூடாதே என்று அடி அண்ணாமலைப் பக்கம் பாதையில் தண்ணீர் தெளித்தார். புண்ணிய காரியம்தான். ஆனால் தெளித்தது பூச்சிமருந்து அடிக்கும் ஸ்பிரேயரில். அதைக் கழுவ மறந்துவிட்டார். அன்று பக்தர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிரிவலத்தை ஓடியே முடித்தார்கள்.

இத்தனை துணிச்சல்காரர் கிணற்றுக்குள் மட்டும் இறங்கமாட்டார். மோட்டாரை யாராவது மேலே தூக்கி வந்து கொடுத்தால்தான் தொடுவார். தொழிலில் கெத்து காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் நல்ல மழை. ஏரி தளும்பியது. அந்த நேரம் பார்த்து, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அறையைக் காலி செய்யும்போது பம்புசெட்டிடம் ஒரு பழைய பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு படம். மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்க, பின்னால் ஒருவன் பலகைகள்மேல் நின்றபடி தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போகிறான்.

"படகு எதுக்கு? நம்ம ஏரிக்குத்தான் கரை இருக்குதே!" என்றார் பம்புசெட்.

பழைய கதவு ஒன்று பலகைகளானது. கால் மாட்ட சைக்கிள் டியூப், கையில் பிடிக்க மண்வெட்டிக் காம்பு. காம்பில் கட்டிய தாம்புக்கயிற்றின் மறுமுனை அவருடைய புல்லட்டில். புல்லட் கரைமேல் ஓடும், ஆள் தண்ணீரில் போகவேண்டும்.

முதலில் ஏறுகிறேன் என்று கை தூக்கியது யார் தெரியுமா? ஏழாவது படிக்கும் என் மகள். வேண்டாம் என்றேன். சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சண்டை போட நான் பம்புசெட் பட்டறைக்குப் போனேன்.

"பொம்பளைப் புள்ளைக்குக் கை கால் போச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"அக்கா, நீங்க ஒரு தபா ஏறிப் பாருங்க. அப்புறமும் வேணாம்னா, பாப்பாவை ஏத்தவே மாட்டேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஏறியதும் விழுந்து காட்டினால் விஷயம் முடிந்தது, பிள்ளை பிழைத்தது. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கையின் சுடிதார், இடுப்பில் லாரி டியூப். கரையில் பாதித் தெரு நின்றது, துண்டோடு என் வீட்டுக்காரரும். "வுழுந்தா கயிறை வுட்ருங்கக்கா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு பம்புசெட் வண்டியைக் கிளப்பினார்.

அங்கேதான் என் திட்டம் கெட்டது. நான் விழவில்லை, நின்றுவிட்டேன்! மலை, கரை, மகள் எல்லாம் சறுக்கிக்கொண்டு போயின. ஐயோ, நன்றாக இருக்கிறதே என்று நினைத்த மறு நொடி டியூப் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், நான் தண்ணீருக்குள்.

கயிற்றை விடவேண்டியதுதானே? எங்கள் ஊரில் அம்மன் தேரைப் பெண்கள்தான் இழுப்போம். பாவாடை கட்டிய வயதிலிருந்து நான் வடம் பிடிப்பவள். பிடித்த வடத்தைப் பாதியில் விடக்கூடாது என்பது கைக்கே பழகிப்போன விஷயம். போதாததற்குக் கரையில் நின்ற பெண்களும் அதே பழக்கத்தில், "வுடாதடீ! வுடாத!" என்று கத்தினார்கள். நானும் விடவில்லை. புல்லட் இழுத்த இழுப்புக்கு முகம் குப்புறப் போனேன். ஏரித் தண்ணீரில் பாதி என் வயிற்றில்.

பம்புசெட் திரும்பிப் பார்த்தார். வண்டியைக் கீழே போட்டுவிட்டு, செருப்போடு தண்ணீரில் குதித்தார்.

"கயிறை வுடுங்கக்கா! வுடுங்கக்கா!" என்று கதறியபடி என் விரல்களைப் பிரித்தார். விட்டேன். கால் தரையில் பட்டது. எழுந்து நின்றால் தண்ணீர் என் மார்பளவுதான். அப்பாடா! அந்த மூச்சின் ருசியை இன்றுவரை எந்தக் காப்பியிலும் நான் கண்டதில்லை.

பக்கத்தில் பார்த்தேன். பம்புசெட் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் விட்ட கயிற்றைக் கட்டிப்பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"காலை ஊனி நில்லுங்க. ஆழமில்லை. உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாதுக்கா. தண்ணின்னாலே எனக்கு பயம்."

"பின்னே எதுக்குக் குதிச்சீங்க?"

"நீங்க வுடலியேக்கா."

கையைப் பிடித்து அவரைக் கரையேற்றினேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "விழுந்தா உடனே விட்டுடணும், தெரியுதா?" என்று வந்தது.

அவள் ஏறினாள். பம்புசெட் ஈரத்தோடு வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் தொப்பென்று விழுந்தாள். நான் அசையாமல் நின்றேன். அடுத்த நொடி தலை மேலே வந்தது. "வுட்டுட்டேம்மா!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கரையிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று ஞாபகம் இல்லை.

இன்றைக்கும் கார்த்திகையில் அம்மன் தேர் வடத்தைப் பிடித்தால் பம்புசெட்டின் கதறல்தான் காதில் கேட்கும். சின்ன வயதில் ஊர்க் கிணறுகளிலெல்லாம் தலைகீழாகக் குதித்த என் வீட்டுக்காரர் அன்று துண்டோடு கரையில் நின்றிருந்தார். குதித்தவர் நீச்சல் தெரியாத பம்புசெட்தான். இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது, எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்கவேண்டும்.